உழவுக் குதிரை இரண்டும் அமிலம் தின்ற கோடும்

பவுலுஸ் போட்டர் 1652-ல் ஐந்து குதிரைப் படங்களைச் செம்புத் தகட்டில் எட்சிங்காக, அதாவது மெழுகுப் பூச்சில் ஊசியால் வரைந்து, கோட்டை அமிலத்தால் அரிக்கவிட்டு, காகிதத்தில் அச்செடுக்கிற முறையில் போட்டார். ஆள் டச்சுக்காரர். 1625-ல் பிறந்து 1654 தொடக்கத்தில், 28 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தகடு ஒவ்வொன்றும் சுமார் 16 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம். ஃப்ரீஸியக் குதிரை, கனைக்கிற குதிரை, வால் நறுக்கிய குதிரை, ஒரே தகட்டில் உழவுக் குதிரைகள் இரண்டு, பிறகு உழைத்து ஓய்ந்து எலும்பு துருத்திய கிழட்டுக் குதிரை. அந்தக் கிழட்டுக் குதிரைக்குப் பின்னால் இன்னொன்று செத்துக் கிடக்கிறது, நாய்கள் அதைத் தின்கின்றன. ராஜா கிடையாது, சேனாபதி கிடையாது, வேட்டையும் கிடையாது. வெறும் குதிரைகள்தான்.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இவற்றைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கைபேசியில் பார்த்தால் பாதி போய்விடும். கணினியில் திறந்து, கோடு கோடாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு இதைப் படியுங்கள்.

எட்சிங் பார்க்கக் கலைக்கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக்கு அதற்கான கண் இரண்டும் ஏற்கெனவே உண்டு. ஒன்று மாடு பார்க்கிற கண். மற்றது ஓலை பார்த்த கண்.

முதலில் மாட்டுக் கண். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முகத்தைப் பார்த்து மயங்குவதில்லை. பல், சுழி, திமில் பார்த்துவிட்டு, கால் வாகைப் பார்க்கிறார். பிறகு நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறார். குதிரைப் படத்தையும் அந்த வரிசையில், காலிலிருந்து மேலே பாருங்கள். குதிரை வரைகிறவர்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் காலில்தான். புல்லை உயரமாக வரைந்து குளம்பை மறைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

நிற்கிற குதிரை நின்றபடியே தூங்கும். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் தசைநார் அமைப்பு அதற்கு உண்டு. அப்படி நிற்கும்போது பின்னங்கால்களில் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். தளர்ந்த கால் பக்கத்து இடுப்பெலும்பு இறங்கும், ஊன்றிய பக்கத்து எலும்பு ஏறும். காலை மட்டும் மடக்கிப் போட்டுவிட்டு இடுப்பை மட்டமாக வரைந்திருந்தால், வரைந்தவர் குதிரையைப் பார்க்காமல் வேறொரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று சொல்லலாம். முன்னங்கால் கதை வேறு. முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி, பாரம் கொடுக்காமல் குதிரை நின்றால் அது ஓய்வாக நிற்கவில்லை, குளம்பிலோ காலிலோ வலி இருக்கிறது. நல்ல கலைஞர் நொண்டிக் குதிரையை வேண்டுமென்றே அப்படிப் போடுவார்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. தலையின் நீளத்தைப்போல இரண்டரை மடங்கு, கால் தரையிலிருந்து பிடரி முடியும் இடம்வரை உயரம். நெஞ்சிலிருந்து பிட்டம்வரை உடம்பின் நீளமும் ஏறத்தாழ அதே அளவு. வேலைக்காரக் குதிரையின் தலை இன்னும் கொஞ்சம் கனமாகவே இருக்கும். பிற்கால ஆங்கிலப் பந்தயக் குதிரைப் படங்களில் தலையைச் சிறுத்து, கழுத்தை நீட்டி, எஜமானைச் சந்தோஷப்படுத்தியிருப்பார்கள். உழவுக் குதிரைக்காரனுக்கு அந்த மாதிரி உபசாரம் தேவைப்படவில்லை.

நடக்கிற குதிரை என்றால், நடையில் நாலு காலும் ஒவ்வொன்றாகத் தரை தொடும்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். எந்த நேரமும் இரண்டு அல்லது மூன்று குளம்பு தரையில் இருக்கும். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் நெருங்கி வருகிற கணம் ஒன்றும் உண்டு. வண்டி இழுத்து மெதுவாகப் போகிற குதிரைக்கு எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டும் ஒரே நிலையில் சேர்ந்து எழுந்து, சேர்ந்து இறங்குவதாகத் தெரிந்தால், வரைந்தவர் ஓட்டத்தையும் நடையையும் கலந்துவிட்டார். பாய்ச்சலை மட்டும் மன்னித்துவிடலாம். 1878-ல் மைப்ரிட்ஜ் தொடர் புகைப்படம் எடுத்துக் காட்டும்வரை, நாலு காலையும் முன்னும் பின்னும் விரித்துப் பறப்பதாகவே ஐரோப்பாவில் வரைந்தார்கள். உண்மையில் நாலு காலும் தரையை விட்டு எழுவது, அவை வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போது.

அடுத்து பூட்டு. இங்கேதான் நம் ஊர்க்காரர் தடுமாறுவார். நம் நாட்டுக் கலப்பையில் ஏர்க்கால் நேராக நுகத்தடிக்குப் போகும். நுகம் திமிலுக்கு முன்னால் கழுத்தில் உட்காரும். பூட்டாங்கயிறு அதைப் பிடித்துக்கொள்ளும். குதிரைக்குத் திமில் இல்லை. மாட்டைக் கட்டுகிற மாதிரி கட்டினால் கயிறு தொண்டையை அழுத்தி மூச்சு முட்டும். அதனால் கெட்டியாகத் திணித்த தோல் வளையம் ஒன்றைத் தோளில் உட்காரும்படி மாட்டி, அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறோ சங்கிலியோ பின்னால் ஓடி, ஒரு குறுக்குக் கட்டையில் சேர்ந்து, அந்தக் கட்டையிலிருந்து கலப்பைக்குப் போகும். மாடு நுகத்தைக் கழுத்தால் தள்ளுகிறது. குதிரை வளையத்தைத் தோளால் தள்ளுகிறது. பழைய படத்தில் அந்த வளையம் தோளெலும்பில் உட்கார்ந்திருக்கிறதா, தொண்டையில் ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இழுக்கிற வேலை நடந்தால் பக்கக் கயிறு இரண்டும் விறைப்பாக இருக்க வேண்டும், குதிரை நின்றிருந்தால் தொய்ய வேண்டும். பூட்டில் தப்பு செய்கிறவர் வயல் ஓரத்தில் நின்று பார்க்காதவர்.

வால் நறுக்குவதும் பூட்டோடு சேர்ந்த சங்கதி. நீள வால் கயிற்றில் சிக்கும் என்று வெட்டினார்கள். பிறகு அந்தக் குதிரையால் ஈ ஓட்ட முடியாது. போட்டர் அதற்கென்று ஒரு தகடே ஒதுக்கியிருக்கிறார். லாடத்தையும் கவனியுங்கள். மாட்டின் பிளவுக் குளம்புக்கு ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். குதிரைக்கு வளைந்த ஒற்றை லாடம்.

நம் பக்கத்தில் குதிரை வயலில் இறங்கியதில்லை. அது கடல் வழியாக வந்த பிராணி. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலுக்கு அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்ததை எழுதியிருக்கிறார். இங்கே அவற்றுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்கள், வைத்தியம் தெரிந்தவர் இல்லாததால் வந்தவை சீக்கிரம் செத்தன என்றும் சொல்கிறார். பாண்டியன் படைக்கும், பாளையக்காரர் சவாரிக்கும், பிற்காலத்தில் ஜட்கா வண்டிக்கும் குதிரை இருந்தது. சாஸ்தா, ஐயனார் கோயில் வாசலில் மண்ணாலும் சுதையாலும் நிற்கிறது. அந்தக் குதிரை முன்காலைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, வேட்டைக்குக் கிளம்பத் தயாராக நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வளையம் மாட்டி, தலை தொங்கி, மாட்டு வேலை பார்க்கிற குதிரை விசித்திரமாகவே இருக்கும். அந்த விசித்திரம் நல்லது. ஐரோப்பியர் பார்க்காமல் தாண்டுகிற பூட்டை நாம் நின்று பார்ப்போம்.

சுற்றுப்புறத்தையும் விடக்கூடாது. போட்டர் அடிவானத்தைத் தாழ்த்தி வைப்பார். பிராணியின் முதுகு வானத்தில் எழும். கோவில்பட்டிக் கரிசலில் சாயங்காலம் மாடு திரும்புவதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். மட்டமான பூமியில் எந்தப் பிராணியும் பெரிதாகத் தெரியும். குதிரையைவிட வீட்டு வாழ்க்கையில் நாட்டம் என்றால் அதே காலத்து அட்ரியான் வான் ஓஸ்டாடேயைப் பாருங்கள். சுமார் ஐம்பது எட்சிங். பெரும்பாலும் குடியானவர் வீடு, வாசல், திருவிழா, குடிக்கூட்டம்.

இப்போது ஓலைக் கண். பனையோலையில் எழுத்தாணி கீறுகிறது. கீறிய உடனே எழுத்து சரியாகத் தெரியாது. கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் பூசித் துடைத்தால், மேல்பரப்பில் இருந்தது போய்விடும், கீறலுக்குள் நின்றது எழுத்தாகும். எட்சிங்கின் தத்துவம் அவ்வளவுதான். வித்தியாசம் இரண்டு: கீறலை ஆழமாக்குவது கை அல்ல, அமிலம். ஓலையை அப்படியே படிக்கிறோம். தகட்டிலிருந்து காகிதத்துக்கு அச்செடுக்கிறோம்.

செய்முறை இப்படி. செம்புத் தகட்டின் நாலு ஓரத்தையும் அரத்தால் சரிவாக ராவுவார்கள். ராவாவிட்டால் அச்சு இயந்திரத்தில் காகிதம் கிழியும், அதன்மேல் போடுகிற கம்பளியும் வெட்டுப்படும். பிறகு சாக்கட்டிப் பொடியாலும் அமோனியாவாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்ப்பார்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும், அதுதான் சோதனை. தகட்டைச் சூடாக்கி அதன்மேல் மெழுகுப் பூச்சு. பழக்கத்தில் உள்ள ஒரு கலவை: தேன்மெழுகு 2 பங்கு, நிலக்கீல் 2 பங்கு, குங்கிலியம் 1 பங்கு. மெழுகு இளக்கம் தரும், நிலக்கீல் அமிலத்தைத் தடுக்கும், குங்கிலியம் கடினம் தரும். குங்கிலியம் கூடினால் ஊசி பட்ட இடத்தில் பூச்சு பெயரும். மெழுகு கூடினால் கை பட்டாலே தடம் விழும். பூசியதை மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கி, ஊசியால் வரைந்தால் செம்பு பளிச்சென்று தெரியும். ஊசி செம்பைத் தோண்ட வேண்டியதில்லை, பூச்சைத் திறந்தால் போதும். எட்சிங் கோடு பேனாக் கோடு மாதிரி சுதந்திரமாக ஓடுவது இதனால்தான்.

பின்புறத்துக்கும் ஓரத்துக்கும் வார்னிஷ் பூசி, அமிலத்தில் இறக்குவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் காடி, நவச்சாரம், உப்பு, செம்புக் களிம்பு சேர்த்துக் காய்ச்சிய திரவம் ஒன்று புழக்கத்தில் இருந்தது. 1645-ல் பிரெஞ்சுக்காரர் ஆப்ரஹாம் போஸ் எழுதிய செய்முறை நூலில் அது இருக்கிறது. நைட்ரிக் அமிலமும் அந்தக் காலத்திலேயே உண்டு. இப்போது செம்புக்குப் பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடு. நைட்ரிக்கில் கோட்டின் மேல் குமிழி கட்டும். இறகால் தடவி விடாவிட்டால் குமிழி நின்ற இடத்தில் அரிப்பு நின்று, கோடு விட்டு விட்டு வரும். ஃபெரிக்கில் குமிழி இல்லை, கசடு உண்டு. கசடு கோட்டுக்குள் தங்கினால் அரிப்பு மந்தமாகும் என்பதால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ வைப்பார்கள். பிளாஸ்டிக் தொட்டியில்தான், எவர்சில்வர் பாத்திரத்தையும் அது தின்னும்.

படத்தின் கருமையை முடிவு செய்வது நேரம். ஒரே ஊசியால், ஒரே அழுத்தத்தில் முழுப் படத்தையும் வரைந்துவிடலாம். முதலில் எல்லாக் கோட்டையும் சேர்த்து, உதாரணத்துக்கு 10 நிமிடம் அரிக்கவிடுவார்கள். எடுத்துக் கழுவி, வானம், தூரத்து மரம் ஆகியவற்றின் மேல் வார்னிஷ் பூசி மூடுவார்கள். மறுபடி இறக்கி 20 நிமிடம். குதிரையின் முதுகு, வயிற்றின் வெளிச்சப் பக்கம் மூடப்படும். மறுபடி அரை மணி நேரம். இப்போது அரிபடுவது பூட்டு, குளம்பு, முன்தரைப் புல் மட்டும். நேரம் கூடக்கூட கோடு ஆழமாவதோடு அகலமும் ஆகும், மை அதிகம் பிடிக்கும். வெப்பம் ஏறினால் அரிப்பும் வேகமெடுக்கும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் ஒருவர் இதைச் செய்தால் மேலே சொன்ன நேரக் கணக்கு உதவாது, ஒரு சோதனைத் துண்டை முதலில் இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஆகவே படத்தைப் பெரிதாக்கி இப்படிப் பாருங்கள்: எந்தக் கோடு மெலிசு, எந்தக் கோடு தடிமன், எத்தனை தரம் மாறுகிறது. இரண்டு தரம், மூன்று தரம், நாலு தரம் என்று எண்ணிவிடலாம். தகடு எத்தனை முறை அமிலத்தில் இறங்கியது என்பதற்குக் கிட்டத்தட்ட அதுவே கணக்கு. தூரத்து மரமும் முன்தரைப் புல்லும் ஒரே தடிமனில் இருந்தால் ஒரே முக்கு. படம் தட்டையாக இருக்கும்.

வெள்ளைக் குதிரை போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். எட்சிங்கில் வெள்ளை மை கிடையாது. காகிதம்தான் வெள்ளை. முதுகுக்கு மேலே வானத்தில் மெல்லிய கிடைக்கோடுகள் போட்டு, முதுகைச் சும்மா விடுவார்கள். வானம் கொஞ்சம் சாம்பலானதும் குதிரை வெளுக்கும். வயிற்றின் அடியில் நிழல், ஆனால் நிழலின் கடைசி ஓரத்தில் தரையிலிருந்து எதிரொளிக்கிற வெளிச்சத்துக்காக ஒரு கீற்று விட்டிருப்பார்கள். அந்தக் கீற்றை விடாதவர் படத்தில் வயிறு பலகை மாதிரி இருக்கும். கோட்டின் திசையும் முக்கியம்: விலாவில் வளைந்து, தொடையில் தசையோடு இறங்கி, குளம்பில் கிடையாக ஓட வேண்டும்.

கோளாறுகளையும் அடையாளம் காணலாம். வானத்தில் காரணமில்லாமல் சிறு கரும்புள்ளிகள் தூவினால் போலக் கிடந்தால், தகட்டில் பிசுக்கு இருந்திருக்கிறது அல்லது பூச்சு மெலிந்திருக்கிறது. அமிலம் உள்ளே நுழைந்துவிட்டது. குறுக்குக் கோடுகளை மிக நெருக்கிப் போட்ட இடத்தில் கன்னங்கரேல் என்று வராமல் நடுவில் வெளுத்துப் போயிருந்தால், கோடுகளுக்கு இடையே இருந்த பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து பெரிய பள்ளமாகிவிட்டது. பள்ளத்தின் நடுவில் மை நிற்காது, துடைக்கும்போது வந்துவிடும், ஓரத்தில் மட்டும் தங்கும். கறுப்புக் குதிரையின் கழுத்தடியில் இந்த விபத்து அதிகம்.

அச்செடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கரியும் ஆளி விதை எண்ணெயும் சேர்ந்த மையைச் சூடான தகட்டில் தேய்த்து, கஞ்சி போட்ட மெல்லிய வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையில் சாக்கட்டிப் பொடி தொட்டு வழிப்பார்கள். காகிதம் ஈரமாக இருக்க வேண்டும்; உலர்ந்த காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுக்காது. கம்பளி போட்டு உருளைக்கடியில் விட்டால் படம் இடவலம் மாறி வரும். ஆகவே படத்தில் எல்லாரும் இடது கையால் சாட்டை பிடித்தால், குதிரையில் வலப்பக்கமிருந்து ஏறினால், வரைந்தவர் திருப்பிப் போட மறந்துவிட்டார் அல்லது பொருட்படுத்தவில்லை.

பழைய அச்சு என்று ஒன்று கைக்கு வந்தால், 10 மடங்கு பெருக்குகிற உருப்பெருக்கியை எடுங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட், காலண்டர் அச்சு. மேலே பார்க்க ஒன்றுமில்லை. எட்சிங் கோட்டின் முனை மழுங்கி, நெடுகிலும் ஒரே அகலமாக இருக்கும். உளியால் வெட்டிய தகட்டில் கோடு நடுவில் தடித்து, முனையில் ஊசியாகக் கூரும். 1505-ல் ட்யூரர் வெட்டிய பெரிய குதிரை, சிறிய குதிரைப் படங்கள் அந்த வகை. அமிலமில்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறுகிற டிரைபாயின்ட் கோடு ஓரத்தில் பிசிறு மை கட்டி வெல்வெட் போல இருக்கும். பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடுவதால் முதல் சில பிரதிகளில்தான் அந்த அழகு. படத்தைச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பார்த்தால், எட்சிங்கில் கறுப்புக் கோடு காகிதத்துக்கு மேல் மெல்லப் புடைத்துத் தெரியும். சுற்றிலும் தகடு அழுந்திய செவ்வகப் பள்ளம் இருக்கும். பள்ளம் இல்லையென்றால் உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் தகட்டு ஓரம்வரை கத்தரித்துவிடுவது வழக்கம்.

காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுமார் 25 மி.மீ. இடைவெளியில் கம்பிக் கோடுகள் தெரிந்தால் வரிக்காகிதம். எந்த வரியும் இல்லாத சமமான காகிதம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் ஐரோப்பாவில் வந்தது. 1652 என்று தகட்டில் இருந்து காகிதம் வரியில்லாமல் இருந்தால், பழைய தகட்டில் பிற்காலத்தில் அடித்த பிரதி. அதில் மெலிந்த வானக் கோடுகள் தேய்ந்து, குதிரை வெற்றுவெளியில் நிற்கும். நம் நாட்டில் 'பழைய எட்சிங்' என்று விற்கிற பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய மரக்கட்டை அச்சுகள். பின்பக்கம் திருப்பினால் செய்தி அச்சாகியிருக்கும். அதில் தப்பில்லை, விலைதான் தப்பு.

திருநெல்வேலிக்கே சொந்தமான பழைய தகட்டு அச்சும் உண்டு. ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-ல் தென்னாட்டில் பயணம் செய்து வரைந்தவற்றில் பாபநாசம் அருவியும் குற்றாலம் அருவியும் இருக்கின்றன. 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பில் இவை அக்குவாடின்டாக அச்சாயின. தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, பொடிகளுக்கு இடையே மட்டும் அமிலத்தை அரிக்கவிடுவது அந்த முறை. கோடுக்குப் பதில் கழுவிவிட்ட நிழல் கிடைக்கும். அதன்மேல் கையால் வண்ணம். அருவிக்கு அது பொருந்தும். குதிரைக்குக் கோடு வேண்டும்.

வீட்டில் மாட்டுவதென்றால் சில விஷயங்கள். மையில் இருப்பது கரி, அது வெளுக்காது, கெடுவது காகிதம்தான். நேர் வெயில் படாத சுவர், 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய வெளிச்சம் போதும். குற்றாலச் சாரல் காலத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். மாட்டினால் சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கை ஒட்டி, காற்றுப் போக இடம் விடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இடையே பருத்திக் கூழ் அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள். சாதாரண அட்டை அமிலம் உள்ளது, ஜன்னல் ஓரத்தில் பழுப்பு வரி விழும். பின்னால் ஹார்டுபோர்டு வைத்து அதில் படத்தை முழுதும் வெள்ளைப் பசையால் ஒட்டுவது சட்டக் கடைகளில் சாதாரணம். ஒட்டியதைப் பிறகு உரிக்க முடியாது. லேமினேஷன் செய்துவிட்டால் பேச்சே இல்லை.

மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும், நீள நார் உள்ள ஜப்பானியக் காகிதத் துண்டில், கோதுமை ஸ்டார்ச் பசையால் தொங்கவிடுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்காக மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அந்தப் பசை இதற்கு ஆகாது. துத்தத்திலுள்ள செம்பு காகிதத்தை வருடக்கணக்கில் அரித்துப் பொடியாக்கும். பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்வதே பூச்சிக்கு வழி. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைச் சட்டத்துக்குள் போட வேண்டாம். தை மாதம் ஈரம் அடங்கியதும் சட்டத்தைக் கழற்றிப் பின்பலகையைப் பாருங்கள். கரையான் மண் கோடு தென்பட்டால் முதலில் படத்தை வெளியே எடுத்துவிட்டு, பிறகு சுவரைக் கவனியுங்கள்.